ஜிம் பவுடர் டப்பாவைச் சோதிப்பது எப்படி: கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கிய புரோட்டீன் டப்பாவை ஆய்வகத்துக்கு அனுப்பினால் "புரதம்: 73%" என்று ஒரு வரி வரும். லேபிளோடு ஒத்துப்போகிறது, சரக்கு சரி என்று முடிவு கட்டிவிடுவோம். அந்த வரிக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவ்வளவு நிம்மதி வராது. பவுடரை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றி அளந்து, 6.25-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். 1883-இல் கோபன்ஹேகனில் ஜோஹன் கெல்டால் வெளியிட்ட முறை இது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்த முறை விசாரிப்பதில்லை.

கலப்படக்காரருக்கு அது போதும். ஒரு கிராம் கிளைசின் (மலிவான ஓர் அமினோ அமிலம்) இந்தக் கணக்கில் 1.17 கிராம் புரதமாகத் தெரியும். ஒரு கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 1.76 கிராம் புரதமாகத் தெரியும். பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமின் என்றால் 4 கிராமுக்கும் மேல். 2008-இல் சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் மெலமினைக் கலந்தது இந்த ஓட்டையை வைத்துத்தான். ஜிம் பவுடரில் மெலமின் வரை போக வேண்டியதே இல்லை. ஸ்கூப்பில் 18 கிராம் மெய்யான வே (whey, பால் திரிந்தபின் மிஞ்சும் தெளிநீர்) புரதம், 2 கிராம் கிளைசின், 2 கிராம் கிரியேட்டின் போட்டால் கெல்டால் கணக்கில் 23.85 கிராம் வந்துவிடும். லேபிளில் 24 என்று அடித்துக்கொள்ளலாம், ஆய்வகமும் ஒத்துக்கொள்ளும்.

எந்தச் சோதனையும் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எனவே கேள்வி என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். புரதம் சொன்ன அளவு இருக்கிறதா? அது பால் புரதம்தானா? ஈயம், காட்மியம் இருக்கிறதா? சொல்லாத மருந்து ஏதாவது கலந்திருக்கிறதா? நான்குக்கும் நான்கு வேறு சோதனைகள், நான்கு வேறு செலவுகள். முதல் இரண்டில் பாதி தூரம் வீட்டிலேயே போகலாம். பின்னிரண்டில் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. முகர்ந்து பார்த்தோ எரித்துப் பார்த்தோ ஈயத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் வீடியோவை அப்படியே மூடிவிடலாம்.

காசில்லாமல் ஆகும் சோதனை: லேபிள் கணக்கு

ஒரு ஸ்கூப் 33 கிராம், புரதம் 24, மாவுச்சத்து 3, கொழுப்பு 2 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 29. மீதி 4 கிராம் ஈரம், தாது உப்பு, கொக்கோ, மணம், இனிப்பு என்று போகும், அது நியாயம். கூட்டுத்தொகை ஸ்கூப் எடையைத் தாண்டினாலோ, ஒரு கிராம்கூட மிஞ்சாமல் முட்டிக்கொண்டு நின்றாலோ அந்த லேபிளை எழுதியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. கலோரியையும் போட்டுப் பாருங்கள்: 24×4, 3×4, 2×9, மொத்தம் 126. அச்சிட்டதும் அதை ஒட்டியே இருக்க வேண்டும்.

அடுத்து லூசின் என்ற அமினோ அமிலம். வே புரதத்தில் லூசின் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 24 கிராம் புரதம் என்றால் லூசின் ஏறக்குறைய 2.4 முதல் 2.6 கிராம். லேபிளில் 1.7 என்று போட்டிருந்தால் புரதம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. அமினோ அமில அட்டவணையே இல்லை, ஆனால் உட்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது என்றால் அவை 24-க்குள் எண்ணப்பட்டனவா, வெளியேயா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். நேரான பதில் வந்தால் வாங்கலாம்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம். 124 என்றால் தமிழ்நாடு. அந்த எண்ணை ஆணையத்தின் ஃபோஸ்காஸ் (FoSCoS) தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். டப்பாவில் ஒரு பெயர், தளத்தில் சம்பந்தமே இல்லாத வேறு பெயர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு பிராண்ட் என்றால் இந்திய இறக்குமதியாளரின் ஸ்டிக்கரும் அவருடைய உரிம எண்ணும் இருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் டப்பாவில் இந்த ஸ்டிக்கர் இருக்காது. அதனால் அது போலி என்று ஆகாது. ஆனால் சிக்கல் வந்தால் இங்கே புகார் கொடுக்க ஆள் கிடையாது. பேட்ச் எண்ணை வைத்துத் தயாரிப்பு நிறுவனத்திடம் உறுதிப்படுத்துவது ஒன்றே வழி.

இன்னொன்று: தீர்ந்த டப்பாவை லேபிளோடு ஆக்கர் கடையில் போடாதீர்கள். நல்ல பிராண்டின் காலி டப்பாவுக்கு வேறு வேலை கிடைத்துவிடும். லேபிளைக் கத்தியால் கீறிவிட்டு, மூடியில் ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள்.

தராசு

0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். முதலில் தராசைச் சோதியுங்கள். 2011-இல் வந்த, ரூபாய் குறியீடு போட்ட வரிசையில் 5 ரூபாய் நாணயம் ஒன்று 6 கிராம். தேயாத நாணயம் ஐந்தை வைத்தால் 30 காட்ட வேண்டும். 2019-க்குப் பின் வந்த 5 ரூபாய் 6.74 கிராம், இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

பிறகு, தட்டையாக வழித்த ஸ்கூப் பத்தை எடுத்து மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுங்கள். 33 கிராம் என்று எழுதிய ஸ்கூப்பில் 28 தான் வருகிறதென்றால் அது கலப்படம் ஆகாது; ஸ்கூப் சின்னது, அல்லது பவுடர் பொலபொலவென்று இருக்கிறது. ஆனால் நீங்கள் தினமும் குடிக்கிற புரதம் 24 அல்ல, 20 கிராம்தான். "பவுடர் வேலை செய்யவில்லை" என்கிற புகார்களில் ஒரு பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுக்களை மேசையில் நான்கு சோதனைகள்

நான்கிலும் ஒரே விதி: தெரிந்த பொருளை வைத்து ஒப்பிடாமல் முடிவு சொல்லக் கூடாது. சோதித்த எதையும் குடிக்கவும் கூடாது.

முதலாவது மாவுச் சோதனை. நம் ஊரில் ஒப்பிடும் பொருளுக்குப் பஞ்சமில்லை. மரச்சீனிக் கிழங்கு வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு கிராம் புரோட்டீன் பவுடரை 50 மில்லி தண்ணீரில் கலக்கி இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, முழுதாக ஆறியபின் துணியில் வடிகட்டுங்கள். மூன்று சின்னக் கண்ணாடி டம்ளர்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் மரச்சீனித் தண்ணீர், ஒன்றில் வடிகட்டியது. ஒவ்வொன்றிலும் 5 மில்லி. அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மரச்சீனித் தண்ணீர் மைக்கறுப்பாக மாறும். வெறும் தண்ணீர் மஞ்சளாகும். பவுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

இதில் ஆட்கள் சறுக்குகிற இடங்கள் மூன்று. சூடாக இருக்கும்போது விட்டால் மாவு இருந்தாலும் நீலம் தெரியாது. வைட்டமின் சி சேர்த்த பவுடர் அயோடினையே நிறமிழக்கச் செய்யும். வே புரதமும் கொஞ்சம் அப்படிச் செய்யும். ஆகவே மஞ்சள் நிறம் நிலைத்து நிற்கும்வரை சொட்டு விட வேண்டும். ஒரு சொட்டோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். மூன்றாவதுதான் பெரிது: மலிவான நிரப்பியான மால்டோடெக்ஸ்ட்ரின் செம்பழுப்பு காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. நீலம் வந்தால் மாவு உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். வராவிட்டால் எதையும் சொல்ல முடியாது. சாக்லேட் சுவை பவுடரின் பழுப்பில் இந்தச் சோதனை வீண்.

இரண்டாவது, எலுமிச்சைச் சோதனை. வே என்று விற்கும் பவுடரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கலந்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும். பால்பவுடரில் இருக்கும் கேசின் பி.எச். 4.6-இல் அறை வெப்பத்திலேயே திரியும். சூடுபடாத வே புரதம் அப்படித் திரியாது, கொதிக்கவைத்தால்தான் கட்டியாகும். 10 கிராம் பவுடரை 100 மில்லி சாதாரணத் தண்ணீரில் கலக்கி நுரை அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். பக்கத்திலேயே 10 கிராம் பால்பவுடரை அதே போலக் கலக்கி வையுங்கள். இரண்டிலும் எலுமிச்சைச் சாறு சிறிது சிறிதாக விட்டு பி.எச். தாளில் 4.5-க்குப் பக்கம் கொண்டுவாருங்கள். பால்பவுடர் தயிர்க்கட்டியாகத் திரிந்து அடியில் இறங்கும். நல்ல வே லேசாக மங்கலாகும், அவ்வளவுதான். அதே வே டம்ளரை இப்போது கொதிக்கும் தண்ணீருக்குள் இறக்கிவைத்துச் சூடாக்கினால், சன்னமான வெள்ளைத் திவலைகள் திரண்டு எழும். இரண்டு கட்டமும் சரியாக வந்தால் உள்ளே வே இருக்கிறது. எவ்வளவு என்பதை இது சொல்லாது. லேபிளிலேயே கேசின் அல்லது பால் புரதம் என்று எழுதியிருந்தால் திரிவது இயல்பு. கெட்டிப்படுத்த காராஜீனன், செல்லுலோஸ் கம் சேர்த்த பவுடரும் புளிப்பில் திரியும். உட்பொருள் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டை. அது குளுக்கோஸை மட்டும் பிடிக்கும். பாலில் உள்ள லாக்டோஸைப் பிடிக்காது. வே பவுடரில் லாக்டோஸ் இருப்பது இயற்கை என்பதால் இந்தப் பாகுபாடு நமக்கு வசதி. ஒரு கிராம் பவுடரை 100 மில்லியில் கரைத்து, பட்டையை நனைத்து, பட்டையின் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தில் நிறத்தைப் படியுங்கள். நன்றாக நிறம் ஏறினால் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) கலந்திருக்கிறது. எடை ஏற்றுவதற்கான மாஸ் கெயினரில் அது இருப்பதும் சகஜம், எழுதியும் இருக்கும். ஐசோலேட் (புரதத்தைப் பிரித்துச் செறிவாக்கிய வே) என்று விற்பதில் இருக்கக் கூடாது. பள்ளிக்கூட ஆய்வகத்துப் பெனடிக்ட் கரைசலால் இதைச் செய்யப் போகாதீர்கள். அது லாக்டோஸுக்கும் செங்கல் நிறம் காட்டி, நல்ல பவுடரையும் கள்ளச் சரக்கு ஆக்கிவிடும்.

நான்காவது கிரியேட்டினுக்கு. மோனோஹைட்ரேட் குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது: 20 டிகிரியில் லிட்டருக்கு 14 கிராம், 50 டிகிரியில் 34, 60 டிகிரியில் 45. நம் ஊரின் அறை வெப்பம் 28, 30 என்பதால் முதல் எண்ணைவிடக் கொஞ்சம் கூடும். 5 கிராமை 100 மில்லி தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் கலக்கி நிறுத்துங்கள். பாதிக்கு மேல் வெள்ளை மணலாக அடியில் தங்க வேண்டும். கை பொறுக்காத சூட்டுக்கு, அதாவது 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய முழுதும் கரைந்து தெளிந்துவிடும். ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் டம்ளரின் அடியில் படிகங்கள் மறுபடி உட்காரும். அறை வெப்பத்திலேயே ஐந்து கிராமும் சட்டென்று கரைந்தால் அது மோனோஹைட்ரேட் இல்லை. சர்க்கரை வகையாக இருக்கலாம், அல்லது கிரியேட்டினின் வேறு வடிவமான கிரியேட்டின் எச்.சி.எல். ஆக இருக்கலாம்.

கல்லூரி ஆய்வகம் கைவசம் இருந்தால்: பையூரெட்

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரத்தில் வேதியியலோ உயிர்வேதியியலோ படிக்கும் தம்பி தங்கைகள் இல்லாத தெரு குறைவு. ஆசிரியர் அனுமதியோடு இந்தச் சோதனையைச் செய்துபார்க்கலாம். முதல் பத்தியில் சொன்ன ஓட்டையை அடைக்கிற மலிவான வழி இதுதான். செம்பு உப்பு காரக் கரைசலில் பெப்டைடு பிணைப்போடு சேர்ந்தால் ஊதா நிறம் வரும். கிளைசின், டாரின், கிரியேட்டின் தனித்தனி மூலக்கூறுகள். அவற்றில் பெப்டைடு பிணைப்பு இல்லாததால் ஊதா வராது.

வினைபொருள்: காப்பர் சல்பேட் 1.5 கிராம், சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட் 6 கிராம், இரண்டையும் 500 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, 10% சோடியம் ஹைட்ராக்சைடு 300 மில்லியைக் கலக்கிக்கொண்டே விட்டு, ஒரு லிட்டராக்குங்கள். டார்ட்ரேட்டை விட்டுவிட்டால் செம்பு நீலச் சகதியாக இறங்கிவிடும். காரம் கண்ணில் பட்டால் பார்வை போகும்; கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

தரநிலைக்கு மாட்டுச் சீர அல்புமின்: மில்லிக்கு 2, 4, 6, 8, 10 மில்லிகிராம். பவுடர் 1.00 கிராமை 0.9% உப்புத் தண்ணீரில் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள்; மில்லிக்கு 10 மில்லிகிராம் பவுடர். ஒவ்வொன்றிலும் 1 மில்லி எடுத்து 4 மில்லி வினைபொருள் சேர்த்து, 30 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, 540 நானோமீட்டரில் படியுங்கள். மில்லிக்கு 8 மில்லிகிராம் அல்புமின் 0.40 காட்டி, உங்கள் பவுடர் 0.31 காட்டினால், மில்லிக்கு 6.2 மில்லிகிராம் புரதம், அதாவது 62%. அதே பவுடருக்கு கெல்டால் 74 என்றிருந்தால் இடையில் உள்ள 12 எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

நாலைந்து சதவீத வித்தியாசத்துக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். முறையே அவ்வளவு துல்லியம் இல்லை. கொழுப்பினால் கலங்கிய கரைசல் பொய்யாக அதிகம் காட்டும். மையவிலக்கு எந்திரத்தில் சுற்றித் தெளிந்ததை எடுக்க வேண்டும். சாக்லேட் பவுடருக்கு, செம்பு இல்லாத காரக் கரைசலில் அதே பவுடரைக் கலந்து அதன் அளவைக் கழிக்க வேண்டும். மலிவான ஜெலட்டின், கொலாஜன் கலந்திருந்தால் அவையும் புரதம்தான், ஊதாவும் வரும். அவற்றைப் பிடிக்க ஆய்வகத்தில் ஹைட்ராக்சிபுரோலின் பார்க்க வேண்டும். பால் புரதத்தில் அது கிடையாது.

மாதிரி எடுப்பது

ஆய்வக ரிப்போர்ட் தவறாகப் போவதில் பெரும்பங்கு ஆய்வகத்தில் நடப்பதில்லை, டப்பாவின் வாயில் நடக்கிறது. லாரியிலும் பேருந்திலும் குலுங்கி வந்த டப்பாவில் துகள்கள் அளவுக்கும் கனத்துக்கும் தக்கபடி மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்கும். மேலாக ஒரு கரண்டி எடுத்து அனுப்பினால் அது மேல் அடுக்கின் ரிப்போர்ட் மட்டுமே.

சிறந்தது, சீல் உடைக்காத டப்பாவையே அனுப்புவது. அதே பேட்ச் எண்ணில் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று சீலோடு வீட்டில். முடிவில் தகராறு வந்தால் இரண்டாவது டப்பாதான் பேசும். ஒரே ஜிம்மில் ஆறு பேர் ஒரே பேட்சை வாங்கிச் செலவைப் பங்குபோட்டால் தலைக்கு அதிகம் விழாது.

திறந்த டப்பா என்றால், சுத்தமான பெரிய பாலித்தீன் பையில் முழுவதையும் கொட்டி நன்றாகக் கலக்கி, தட்டையாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர் கால்பகுதி இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்குங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்து 200 கிராம் வரும்வரை குறையுங்கள். புதிய பிளாஸ்டிக் கரண்டி வேண்டும். மசாலா டப்பாவில் கிடந்த கரண்டி ஆகாது. மஞ்சள்தூளில் நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கிற பழக்கம் உண்டு, அந்தக் கரண்டியிலிருந்து வந்த ஈயத்துக்கு புரோட்டீன் நிறுவனம் பொறுப்பாக முடியாது.

ஈரம் நம் மாவட்டத்தின் தனிப் பிரச்சினை. ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டு பருவமும் இங்கே பெய்கிறது. 5% ஈரத்தோடு 75% புரதம் இருந்த பவுடர், மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாமல் 9% ஈரம் குடித்தால், அதே புரதம் 71.8% என்று வரும். யாரும் எதையும் திருடவில்லை; தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆகவே புரதத்தோடு ஈரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மாதிரியை இரட்டைப் பையில் போட்டு, வெளிப்பையில் சிலிக்கா ஜெல் வைத்து, வாயை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பேட்ச் எண், தயாரிப்பு தேதி, உரிம எண், பில் எல்லாவற்றையும் முன்பே படம் எடுத்துவையுங்கள்.

எங்கே அனுப்புவது, என்ன கேட்பது

அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் நமக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டையில் இருக்கிறது. தனியார் ஆய்வகம் என்றால், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தளத்தில் தேடுங்கள். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக உண்டு. தண்ணீர் சோதனைக்கு அங்கீகாரம் வாங்கிய இடம் ஸ்டீராய்டு சோதனைக்கும் அதே முத்திரையைக் காட்டினால் ஏற்கக் கூடாது. "உங்கள் அங்கீகார வரம்பில் இந்தச் சோதனை, இந்த வகைப் பொருளுக்கு இருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள்.

வே பவுடருக்குக் கேட்க வேண்டியவை: மொத்த நைட்ரஜன், எந்தப் பெருக்கெண் போட்டார்கள் என்பதோடு, ஈரம், மொத்த அமினோ அமில அட்டவணை, தனித்து நிற்கும் அமினோ அமில அட்டவணை. கடைசி இரண்டும் சேர்ந்துதான் கலப்படத்தைப் பிடிக்கும். மொத்த அட்டவணைக்குப் பவுடரை அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் சிதைக்கிறார்கள். புரதத்திலிருந்து உடைந்து வந்ததும், தூளாகக் கொட்டியதும் அதில் ஒன்றாகிவிடும். சிதைக்காமல் பார்த்தால் கொட்டியது மட்டும் தெரியும். நல்ல வேயில் தனித்து நிற்கும் கிளைசின் மிகச் சொற்பம். கிரியேட்டின் வழக்கமான அமினோ அட்டவணையில் வராது. தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

உலோகத்துக்கு, மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். முறையில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கும். அரிசி, பட்டாணி போன்ற தாவரப் புரதத்துக்கு இதை முதலில் செய்யுங்கள். செடி மண்ணிலிருந்து உலோகத்தை உறிஞ்சும். சாக்லேட் சுவையில் கொக்கோ வழியாகக் காட்மியம் வரும். தாவரப் புரதத்துக்கு அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-இல் வெளியான, கேரள மருத்துவர்கள் முன்னின்று செய்த ஆய்வொன்றில் இந்தியச் சந்தையின் 36 புரதப் பவுடர்களைப் பார்த்தார்கள். சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு பொருந்தவில்லை. சுமார் 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் இருந்தது.

கிரியேட்டினுக்கு எச்.பி.எல்.சி. (பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) தூய்மையும், கூடவே கிரியேட்டினின், டைசயனடையமைடு, டைஹைட்ரோட்ரயசின் என்ற மூன்று அசுத்தங்களும் கேளுங்கள். மீன் எண்ணெய் மாத்திரைக்கு, எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு எண் 5-க்குள், டோடாக்ஸ் 26-க்குள் இருக்க வேண்டும். குளச்சல் சாளை கிடைக்கிற ஊரில் அந்த மாத்திரைக்கு இவ்வளவு செலவு செய்வது உங்கள் விருப்பம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் பேட்ச் எண். உங்கள் டப்பா எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா? கடைக்காரர் காட்டும் ரிப்போர்ட் பெரும்பாலும் வேறொரு பேட்சுடையது. என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால் கூடவே யு.எல்.ஆர். எண்ணும் (ரிப்போர்ட்டுக்கு உரிய தனி எண்) இருக்க வேண்டும்.

பிறகு அடிப்படை. "உள்ளபடி" என்றும் "உலர் அடிப்படையில்" என்றும் இரண்டு விதம். உள்ளபடி 75% இருக்கும் பவுடர், 5% ஈரம் என்றால், உலர் அடிப்படையில் 78.9% ஆகிவிடும். பெருக்கெண் 6.25-க்குப் பதில் பால் பொருளுக்கான 6.38 போட்டால் இன்னும் 2% ஏறும். இரண்டையும் சேர்த்தால் பவுடரில் ஒரு துகள்கூடக் கூடாமலே எண் 80-ஐத் தாண்டும். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்.

உலோகம் கிலோவுக்கு மில்லிகிராம் என்று வரும். அதை உங்கள் தினசரி அளவுக்கு மாற்றுங்கள். ஈயம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், நீங்கள் தினம் இரண்டு ஸ்கூப், 66 கிராம்: 0.2×66 = 13.2 மைக்ரோகிராம். வாய்வழி மருந்துகளுக்கு ஐ.சி.எச். என்ற சர்வதேச மருந்துத் தர அமைப்பு வகுத்த நாள் வரம்பு ஈயத்துக்கு 5 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 5, ஆர்சனிக்குக்கு 15, பாதரசத்துக்கு 30. அது மருந்துக்கான அளவுகோல்தான் என்றாலும், தினமும் வருடக்கணக்கில் சாப்பிடும் பொருளுக்கு அதை வைத்துப் பார்ப்பது நியாயம். "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்ற எண்ணையும் பாருங்கள். கருவி 1 மில்லிகிராமுக்குக் கீழே பார்க்காது என்றால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

ப்ரீ-வொர்க்அவுட், ஃபேட் பர்னர், ஸ்டாமினா மாத்திரை

இவற்றுக்கு வீட்டுச் சோதனை எதுவும் இல்லை. எடைகுறைப்பு மாத்திரையில் சிபுட்ரமின் இருக்கலாம். இதய ஆபத்து காரணமாக 2010-இல் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. ப்ரீ-வொர்க்அவுட்டில் டி.எம்.ஏ.ஏ. என்ற ஊக்கி, "உடம்பு ஏற்றும்" பவுடரில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, சைப்ரோஹெப்டடின் என்ற பசியைத் தூண்டும் மருந்து, ஸ்டாமினா மாத்திரையில் சில்டெனாஃபில் என்று கலப்பு மருந்துகள் மாறும். மருந்து மூலக்கூறுகளைப் பிரித்து அடையாளம் காணும் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். கருவியில்தான் பிடிபடும், அதிலும் எந்தெந்த மருந்தைத் தேடுவது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாததைக் கருவி தானாகத் தேடாது. இரண்டு வாரத்தில் முகம் உப்பி எடை ஏறினால், சோதனைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். டெக்சாமெத்தசோன் நாள்பட உள்ளே போயிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் மருத்துவர் சொல்படியே நிறுத்த வேண்டும். நெஞ்சு படபடப்போ கண் மஞ்சளோ இருந்தால் அன்றைக்கே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அண்ணா விளையாட்டரங்கில் மாநிலப் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஊக்கமருந்துச் சட்டத்தில் "பவுடரில் இருந்தது எனக்குத் தெரியாது" என்பது தப்பிக்கும் வழி ஆகாது; உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிச் சோதித்த 634 சப்ளிமென்டுகளில் 94-இல், அதாவது 14.8 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு இருந்தது. ஒரே எந்திரத்தில் ஸ்டீராய்டு மாத்திரையும் புரதமும் அடுத்தடுத்து ஓடினால் ஒட்டியிருக்கும் தூசியே சிறுநீர்ச் சோதனைக்குப் போதும். இந்த வீரர்கள், பேட்ச் வாரியாகச் சோதிக்கும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரையை மட்டும் நம்பலாம். டப்பாவில் முத்திரை இருந்தால் போதாது, அந்தப் பேட்ச் எண் முத்திரை கொடுத்த அமைப்பின் தளத்தில் வர வேண்டும். மாதிரியாக அந்தப் பேட்சிலிருந்து 50 கிராமை, போட்டிக் காலம் முடிந்தும் சில மாதம்வரை ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

சட்ட வழி

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, சாதாரண நுகர்வோரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. ஒரே நிபந்தனை: வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பில்லின் பின்புறம் அதை ஒரு வரியாக எழுதி, தேதி போட்டு, கடைக்காரர் கையெழுத்தை வாங்குங்கள். போட மறுத்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குறை நிரூபணமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

ஏற்கனவே வாங்கி, திறந்தும்விட்ட டப்பா என்றால் இந்தப் பிரிவு உதவாது. அப்போது மாவட்ட நியமன அலுவலரின் அலுவலகத்துக்கோ, மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கோ படம், பில், பேட்ச் எண்ணோடு புகார் அனுப்புங்கள். அந்த நிலையில், உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் நேரடியாக எடுக்கும் மாதிரிதான் வழக்குக்கு நிற்கும். அதனால் கடையில் அந்தப் பேட்ச் விற்றுத் தீர்வதற்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.